பாதி டப்பா எலி மருந்து

அத்தியாயம் 7

"எனக்கு வெஷம் வெச்சது என் பொண்டாட்டியா, இல்லையா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்."

கேட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வயதுக்காரர். முகம் ஊதி, இமைகள் தடித்து, சொந்த மச்சானே பார்த்தாலும் யாரென்று கேட்கும்படி இருந்தார். தலைமாட்டில் டயாலிசிஸ் மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் தொங்கிய யூரின் பையில், அடியை நனைக்கும் அளவுக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. ஒரு நாள் முழுக்க அவ்வளவுதான் வந்ததாம்.

ஊரெல்லாம் அவரைக் குஷன்காரர் என்றுதான் கூப்பிடும். பழைய சோபாவைக் கொடுத்தால் பிரித்து, தட்டி, நிரப்பி, புது உறை போட்டுத் தருவார். எங்கள் மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் சந்தேகச் சாவுகளை விசாரித்தவர். செத்தவன் பொய் சொல்ல மாட்டான், நாமினிதான் சொல்வான் என்று கண்டுகொண்ட பிறகு, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் அவருடைய உதவியாளன். வாய் ஓயாததால் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்ததும் அவர்தான்.

குஷன்காரர் மூச்சு வாங்க வாங்கச் சொன்ன கதை இதுதான். திடீரென்று காய்ச்சல். இடுப்பில் கடப்பாரையால் இடித்த மாதிரி வலி. கண் சிவந்துவிட்டது. நெஞ்சில் சின்னச் சின்னதாக ரத்தப் புள்ளிகள். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாக உட்கார்ந்தால் யூரின் நின்றுவிட்டது. கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டு, வீட்டில் ஏதாவது விஷ மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் அது இவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

காரணம் இருந்தது. சமையலறை அலமாரியில் எலி மருந்து டப்பா ஒன்றை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதில் பாதி காலி. நீ வாங்கினாயா என்று மனைவியிடம் கேட்டதற்கு, யாரோ வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியாது என்று சாதித்துவிட்டாளாம். அதற்குச் சில நாள் முன்னால்தான் இருவருக்கும் பெரிய சண்டை. நீ இல்லாமல் இருந்தாலாவது நான் நிம்மதியாக இருப்பேன் என்று அவள் கத்தியிருக்கிறாள். எந்த வீட்டில்தான் அதைச் சொல்லாமல் இருக்கிறார்கள்? என் வீட்டில் அதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் கிட்னி நின்று போனவருக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் சாப்பிட்டதெல்லாம் அன்றைக்குக் கசந்தது என்பது வரை ஞாபகம் வந்துவிட்டது.

"போலீஸுக்குப் போனா ஊர் சிரிக்கும். அவளுக்கும் தெரியக் கூடாது," என்றார்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தோம். சிவந்த கண், கலைந்த தலை. அவள்தான் மனைவி. உள்ளே யாரையும் விடக்கூடாது, தொற்று வந்துவிடும், அது ஆஸ்பத்திரி விதி என்று நர்ஸ் சொல்லி அவளை வெளியிலேயே நிறுத்தியிருந்தார். அப்படி ஒரு விதியே கிடையாது. சொல்லச் சொன்னது குஷன்காரர். காலையில் வந்து உட்கார்ந்தால் பார்வை நேரம் முடிந்து விரட்டும்வரை அவள் அங்கேயே இருப்பாளாம். எனக்கு அப்போதே இந்த ஆள் மேல் எரிச்சல் வந்தது. கட்டிலில் கிடக்கிறவரை எரிச்சலோடு பார்க்கவும் முடியாமல், மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் ஒன்றைத்தான் கேட்டார். காய்ச்சலுக்கும் முன்னால், முதல் முதலில் உடம்பில் என்ன வித்தியாசம் தெரிந்தது?

குஷன்காரர் யோசித்தார். "காய்ச்சல் வந்த அன்னிக்கே கண்ணு மங்கிடுச்சு. எதிர்ச் செவுத்துல இருக்கிற கடிகாரம் தெரியல. கையில இருக்கிற ஊசி மட்டும் நல்லா தெரிஞ்சுது. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். வெளியே வந்தோம். பெஞ்சில் இருந்தவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் வேறு யாரையோ பார்க்க வந்தவர்கள் மாதிரி அவளைத் தாண்டிப் போனோம்.

முதலில் ஹார்டுவேர் கடை. கல்லாவில் இருந்த அம்மாள் கேட்டதுமே சொல்லிவிட்டார். எலி மருந்தை வாங்கியது குஷன்காரரின் மனைவிதான். அதுவும் பையின் அடியில் ஒளித்து வைத்துக் கொண்டு போனாளாம்.

"முடிஞ்சுது மேடம்," என்றேன் வெளியே வந்ததும். "வாங்கினாங்க, மறைச்சாங்க, பாதி காலி. புருஷன் கட்டில்ல. நாம பில்லைப் போட்டுட வேண்டியதுதான்."

"ரேடியோ, புருஷனுக்கு வெஷம் வெக்கிறவ, மிச்சத்தை அவன் கண்ணுல படுற அலமாரியிலயா வெப்பா?"

"அவசரத்துல மறந்திருப்பாங்க."

"மறக்கிறவ கேட்டதும் ஒத்துக்குவா. இவ எதுக்கோ பயந்திருக்கா. எதுக்குன்னு பாப்போம்."

அடுத்தது பட்டறை. சலவைக் கடைக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த ஒரு நீளமான அறை. குஷன்காரர் கொடுத்த சாவியால் ஷட்டரின் பூட்டைத் திறந்து பாதி தூக்கியதும் பழைய பஞ்சின் நெடி மூக்கில் ஏறியது. நடுவில் பாதி எலும்புக்கூடாக ஒரு பெரிய மூன்று பேர் சோபா. ஓரத்தில், குஷன்காரரிடம் உறை தைக்கும் மாஸ்டரின் தையல் மெஷின். மேடம் உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே கண்ணை ஓடவிட்டார். மெஷினின் மேல் மூக்குக் கண்ணாடி ஒன்று கிடந்தது. எட்டி எடுக்கச் சொன்னார். புத்தம் புதுசு. கடையின் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை.

அதை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கழற்றினார்.

"தையக்காரருக்கு ஊசியில நூல் கோக்கக் கண்ணாடி வேணும். இது தூரப் பார்வைக்கு. இவரு மெஷின்ல உக்காந்துகிட்டு யாரை எட்டிப் பாக்கிறாரு?"

"எதிர் வீட்டுல யாராவது இருப்பாங்க," என்றேன்.

"புதுசா செஞ்ச கண்ணாடிய இப்படித் தூக்கிப் போட்டுட்டும் போயிருக்காரு. வா, அவரையே கேப்போம்."

தையல் மாஸ்டரின் வீடு நாலு தெரு தள்ளி. போனபோது அவர் இல்லை. கக்கூஸில் இருந்தார். வெளியே வந்து, இரண்டு வார்த்தை பேசி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனார். இப்படியே அவரைத் தவணை முறையில்தான் விசாரிக்க முடிந்தது. ஆனால் அந்தத் தவணைகளில் வந்ததெல்லாம் தங்கம்.

அவருக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. முதலாளிக்கு வந்த அதே வாரத்தில். அதே இடுப்பு வலி. பஸ்ஸின் நம்பர் தெரியாமல் போனதும், வயசாகிவிட்டது என்று கண்ணாடி செய்யக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி கைக்கு வந்தபோது பார்வை தானாகத் திரும்பியிருந்தது. மாட்டினால் தலை சுற்றியது. கண்ணாடிக்கடைக்காரனைத் திட்டி மெஷின் மேல் எறிந்துவிட்டு வந்து படுத்தவர்தான். இரண்டு மூன்று நாள் யூரின் சரியாகப் போகவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். அப்புறம் அணை திறந்த மாதிரி போக ஆரம்பித்து, இன்னும் நின்றபாடில்லை.

"முதலாளி வீட்டுச் சாப்பாடு உங்களுக்கும் வருமா மாஸ்டர்?" என்றார் மேடம்.

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. உறையைக் கோணலாகத் தைத்திருக்கிறார் என்று வாடிக்கையாளர் முன்னால் முதலாளியின் மனைவி சொன்ன நாளிலிருந்து அவருக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. "அந்தம்மா கையால பச்சத் தண்ணிகூட நான் குடிச்சதில்ல. என் டப்பா என்னோடது."

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கும் உறைத்தது. அவள் விஷம் வைத்திருந்தால், அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதரை அது எப்படிப் பிடித்தது?

"காய்ச்சலுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து என்ன வேலை பாத்தீங்க?"

அந்த மூன்று பேர் சோபாதான். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. அடித்துணியைக் கிழித்து, நாரையும் பஞ்சையும் வெளியே எடுத்து, பிரம்பால் தட்டித் தூசியை எடுத்திருக்கிறார்கள். தூசி துணியில் படுகிறது என்று சலவைக் கடைக்காரர் ஏற்கெனவே சண்டை போட்டிருந்ததால், ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உள்ளேயே தட்டியிருக்கிறார்கள். மூச்சு முட்டும் தூசியாம்.

கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுச் செய்யக்கூடாதா என்று நான்தான் கேட்டேன். நான் ஏதோ அவர் குடும்பத்தைத் திட்டிவிட்டதைப் போல மாஸ்டர் என்னைப் பார்த்தார். நாரில் தண்ணீர் பட்டால் அழுகும், ஸ்பிரிங்கில் பட்டால் துருப்பிடிக்கும். குஷன் பட்டறைக்குள் ஈரத் துணிகூட வரக்கூடாது, அது முதலாளியின் சட்டம். அந்தம்மாவைப் பட்டறை பெருக்க விடாததும் அதனால்தான், அவள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்குவாள்.

"சோபாவுக்குள்ள எலி இருந்துதா?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். கூடே இருந்தது என்றார். ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது. குஷன் கடையில் எலி என்று தெரிந்தால் எவன் வீட்டு சோபா உள்ளே வரும்? அப்படியும் எலி மருந்து மட்டும் வைக்க மாட்டார்கள். ஒரு தடவை அந்தம்மா வைத்து, எலி ஒன்று தைத்து முடித்த சோபாவுக்குள் போய்ச் செத்து, நாற்றம் தாங்காமல் வாடிக்கையாளர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தெருவிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு முதலாளி மனைவியிடம் போட்ட சத்தம் சலவைக் கடை தாண்டிக் கேட்டதாம். இனி மருந்து என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஆக, அவள் எதற்குப் பயந்து பொய் சொன்னாள் என்பது தெரிந்துவிட்டது. பட்டறைக்குத் திரும்பினோம். ஷட்டரை முழுக்கத் திறந்து காற்றாட விட்டு, என் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் மேல் மாஸ்க் கட்டி, கையுறை மாட்டி, பிளீச்சிங் தண்ணீரை நன்றாகத் தெளித்த பிறகுதான் மேடம் என்னை உள்ளே அனுப்பினார். ஈரம் படாத பட்டறையில் ஈரம் பண்ணிய பாவம் எனக்குத்தான். சோபாவின் வயிற்றுக்குள் பஞ்சைக் கடித்துக் கட்டிய கூடு. அதைச் சுற்றிக் கைநிறைய எலிப் புழுக்கை. கீழே, சோபாவின் காலுக்குப் பின்னால் மறைத்து, ஒரு அட்டையின் மேல் நீல நிறத்தில் எலி மருந்து வில்லைகள். ஓரமெல்லாம் பல் தடம். காலியான பாதி டப்பாவுக்குக் கணக்கு அங்கே இருந்தது.

சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வரும்போது வாசலில் புழுக்கையைப் பார்த்திருப்பாள். புருஷன் இதற்குள் உட்கார்ந்து மூச்சு விடுகிறானே என்று பயந்து, சத்தியத்தை மீறி வைத்திருப்பாள். இதைச் சொல்லும்போது மேடத்தின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

கிட்னி டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடிக் கதைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எலி உண்டா என்று குஷன்காரரிடம் கேட்டதற்கு, பட்டறையில் எலியே கிடையாது என்று அடித்துச் சொன்னாரே என்றார். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். ஹண்டா வைரஸ். எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சும்மா சுமந்துகொண்டு திரியும். அதன் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியோடு பறக்கும்போது மூச்சில் உள்ளே போகிறது. சில வாரம் சத்தமே இருக்காது. அப்புறம் காய்ச்சல். அது போய்ப் பிடிப்பது ரத்தக் குழாய்களை. கிட்னி என்பதே மெல்லிய ரத்தக் குழாய்களால் ஆன வடிகட்டிதான். அந்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்தால் உள்ளே நிற்க வேண்டிய புரதமும் ரத்தமும் வெளியே ஒழுகும், வெளியே போக வேண்டிய கழிவு உள்ளே தங்கும், உடம்பு ஊதும், யூரின் நின்றுவிடும். கண்ணுக்குள்ளும் கொஞ்ச நாள் வீங்கித் தூரப் பார்வை மங்குவது சிலருக்கு உண்டு. இதைக் கொல்ல என்று தனியாக மருந்து கிடையாது. கிட்னி தானாக விழித்துக்கொள்ளும்வரை டயாலிசிஸ் போட்டு ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். விழிக்காமலே போனவர்களும் உண்டு. விழித்துவிட்டால் மாஸ்டரைப் போலக் கொட்டித் தீர்க்கும்.

டாக்டர் சிரித்தார். "அவருக்கும் இன்னைக்குக் காலையிலருந்து வர ஆரம்பிச்சிருக்கு."

வார்டுக்குள் போனபோது யூரின் பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வெளிர் மஞ்சள். அதைப் பார்த்து ஒரு மனிதனுக்குச் சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "உங்க சம்சாரம் வெச்ச மருந்தை எலி தின்னுச்சு. எலி வெச்ச வெஷத்தை நீங்களும் மாஸ்டரும் மூச்சுல இழுத்தீங்க. அவங்க மருந்து வெச்சத மறைச்சாங்க. எலி இருக்கிறத நீங்க டாக்டர்கிட்ட மறைச்சீங்க. உங்க உயிருக்கு ஒலை வெக்கப் பாத்தது நீங்க சொன்ன பொய்தான்."

குஷன்காரர் சின்னப் பையனைப் போல அழுதார். ஊதிய முகம் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை நாளாக அவளை வெளியே உட்கார வைத்தேனே, அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவளைக் கூட்டிட்டு வா. ஆஸ்பத்திரியில விட ஆரம்பிச்சிட்டாங்கன்னு மட்டும் சொல்லு. நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பொய்யைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பொய் எனக்குப் புதுசில்லை. சிரித்த முகத்தோடு வராந்தாவுக்குப் போனேன்.

"அக்கா, நல்ல சேதி. ரூல மாத்திட்டாங்க. உள்ள வரலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சிடுச்சா அவருக்கு?"

"பை நெறையப் போகுதுக்கா. கிட்னி முழிச்சிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இனி பயம் இல்ல."

"பொழச்சுக்குவாருல்ல?"

"பொழச்சுட்டாருக்கா."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகப் போகிறாள் என்று கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வார்டு இந்தப் பக்கம்."

"பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரம் தெனமும் உள்ள போயி அவருக்கு ஊட்டிவிட்டுட்டு வர்றாங்க தம்பி. எனக்கு மட்டும் ரூல்னா, அது யாரு போட்ட ரூல்னு எனக்கு மொத நாளே தெரியும். நீங்க ஹார்டுவேர் கடையில விசாரிச்சதும் அந்தம்மா வந்து சொல்லிட்டாங்க. எதுக்குன்னு அப்ப புரிஞ்சுது."

தெரிந்துமா இங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"பொழைக்கிறாரான்னு தெரியாம எப்படிப் போறது?"

"அவரு உள்ள அழறாருக்கா. தப்புன்னு உணர்ந்துட்டாரு. ஒரு தடவ வந்து பாருங்க."

அவள் நின்றாள். வருவாள் என்றே நினைத்தேன். கோபமாகக்கூடப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது சமாதானம் சொல்ல வந்திருக்கும்.

"வெஷம் வெச்சியான்னு என்னைக் கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லியிருப்பேன். எலிக்கு வெச்சேன்னும் சொல்லியிருப்பேன், நாலு திட்டு வாங்கியிருப்பேன். பதினஞ்சு வருஷம் கூட இருந்தவகிட்ட அத ஒரு வார்த்த கேக்கத் தோணல. வெளிய ஆள வெச்சுக் கேட்டிருக்காரு. இதுக்கு மேல நான் உள்ள வந்து என்ன சொல்றது?"

படிகளில் இறங்கிப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவள் நடக்கிற நடை. இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

வார்டுக்குத் திரும்பினேன். குஷன்காரர் நர்ஸிடம் சொல்லித் தலையை வாரிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். மேடம் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எங்க அவ?"

"போயிட்டாங்கண்ணே."

"வீட்டுக்கா? சாப்பாடு எடுத்துட்டு வரப் போயிருக்காளா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏதாச்சும் கேட்டாளா?"

"நீங்க பொழச்சுட்டீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பொழச்சுட்டீங்கன்னு சொன்னேன்."

அவர் மெல்லச் சரிந்து படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.